பாய் கொண்டுவந்த பிளேட்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பூசை நடக்கும். காலையில் சாந்தோம் கோயிலில் சாமியார் வைக்கும் பூசை ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் அப்பா வைக்கும் கிராமபோன் பூசை இன்னொன்று. முதல் பூசையில் பேசினால் அத்தை தொடையில் கிள்ளுவாள். இரண்டாவதில் பேசினால் அப்பா மெல்லத் திரும்பிப் பார்ப்பார். அதற்குக் கிள்ளு வாங்குவதே தேவலை என்றிருக்கும்.

பாட்டுக் கேட்கும்போது கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுவார்கள். கடல் எங்கள் தெருமுனையில்தான் இருந்தது. காற்றில் வரும் மணல் பிளேட்டின் கோடுகளில் விழுந்தால் ஊசி அதை அரைத்துவிடும். வெயில் பட்டாலோ பிளேட் அப்பளமாக வளைந்து போகும். அதனால் வெளியே வெள்ளை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத இருட்டில் உட்கார்ந்துதான் நாங்கள் பாட்டுக் கேட்டோம். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது இருக்கும்.

நாங்கள் என்றால் அப்பாவும் நானும், வெளியிலிருந்து வருகிற இரண்டு பேரும். ஒருவர் மயிலாப்பூர் மாமா. எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை. வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா வேலை. நெற்றி நிறைய விபூதியோடு வருவார். கீர்த்தனை கேட்கத்தான் கிறிஸ்தவன் வீடு வரைக்கும் போகிறார் என்று அவர் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக் கொண்டுவருவதெல்லாம் இங்கிலீஷ் பாண்டு பிளேட். ஊதுகுழலும் டிரம்முமாக அறை அதிரும். அதற்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். ஆத்தில் இதைப் போட்டால் ஆசாரம் போய்விடும் என்று ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொல்லுவார்.

இன்னொருவர் பாய். கச்சேரி ரோட்டில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது, வெளியில் அசல் மெட்ராஸ் பாஷை. அவருக்கு ஏற்றப் பாட்டு, ஓடப் பாட்டு, தெம்மாங்கு என்றால் உயிர். நோகாமல் உட்கார்ந்து பாடுகிற பாட்டெல்லாம் பாட்டே இல்லை என்பது அவர் கட்சி. மாமா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தவர். பாய் வந்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. இது முக்கியம். எங்கள் வீட்டுப் பழைய கதை எதுவும் பாய்க்குத் தெரியாது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பிளேட் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர்தான் ஊசியை வைப்பார். வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடிகிற வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, ஊசியில் கை வைக்கவும் கூடாது. பாதியில் எடுப்பது கொண்டுவந்தவரை அறைவதற்குச் சமம். ஒருமுறை அபாயச் சங்கு ஒத்திகை ஊதியபோது தெருவே கொல்லைக்கு ஓடியது. இவர்கள் மூவரும் மாமாவின் டிரம் முடிகிற வரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் எழுந்து கொல்லையில் அப்பா வெட்டிவைத்திருந்த பதுங்கு குழிக்குள் இறங்கினார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானது அந்த வருஷம்தான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் பூட்டு தொங்கியது. அப்பாவுக்குப் போக ஊர் இல்லை, அதனால் நாங்கள் இருந்துவிட்டோம். சிலர் திரும்பி வந்த பிறகும் எதிர்வரிசை பூட்டியே கிடந்தது. ஆளில்லாத வீடுகளுக்கு நடுவில் பாட்டு வைத்தால் அது எங்கேயோ போய் முட்டித் திரும்பி வரும். எங்கள் கிராமபோன் பெட்டி நின்ற பிறகும் எதிர்வீட்டுக்குள் யாரோ மெதுவாகப் பாடி முடிப்பது எனக்குக் கேட்கும். அத்தையிடம் சொன்னால், அந்தப் பக்கம் பார்க்காதே என்பாள்.

இரும்பு ஊசியும் அப்போது குதிரைக் கொம்பாகிவிட்டது. பாய் ஏதோ ஒரு முள்ளைச் சீவி ஊசியாக்கிக் கொண்டுவந்தார். பிளேட் தேயாது, ஆனால் குரல் தூரத்தில் கேட்கும். கிணற்றுக்குள் இறங்கி நின்று யாரோ பாடுகிற மாதிரி இருக்கும்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூன்று வயதானபோது அவள் நாகப்பட்டினத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள் என்று அத்தை சொல்லியிருந்தாள். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. வீட்டில் அம்மா படம் கிடையாது. பாடகர்களுக்குப் பாதுகாவலியான புனிதையின், எங்கள் கோயில் பாஷையில் அர்ச்சியசிஷ்டவளின், பெயரை அம்மாதான் ஆசைப்பட்டு எனக்கு வைத்தாள் என்பது மட்டும் தெரியும். செசிலி என்று என்னைக் கூப்பிடும் ஆள்கூடக் குறைவு. வீட்டில் பாப்பா, வருகிறவர்களுக்கும் பாப்பா.

அத்தை செபமாலையைக் கையிலிருந்து இறக்காதவள். ஆனாலும் சாமியாருக்குத் தெரியாமல் வேறு சில விசுவாசங்களும் அவளிடம் இருந்தன. உச்சி வேளையில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மனுஷர் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள். செத்தவர்கள் ஒரே ஒரு தரம்தான் கூப்பிடுவார்கள். பதில் சொல்லிவிட்டால் அவர்கள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதை எனக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்திருந்தாள்.

மழைக்காலம் தொடங்கப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காற்றே இல்லை. மாமாவின் பிளேட் முடிந்தது. பாய் காகித உறை கசங்காத ஒரு பிளேட்டை எடுத்தார். சண்டைக் காலத்தில் புதுப் பிளேட்டைக் கண்ணால் பார்ப்பதே அதிசயம்.

“புச்சு, வாத்தியாரே. இப்பத்தான் வந்துகீது. பேரு என்னமோ இங்கிலீஷ்ல போட்டுக்கீறான். அத்த வுடு, இந்தம்மா கொரலக் கேளு. அப்பால சொல்லு.”

அப்பா சாவி கொடுத்தார். எங்கள் பெட்டி பழசு. சுருள்வில் தளர்ந்திருந்ததால் ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் நடுவில் இன்னொரு முறை சாவி கொடுக்க வேண்டும். அது அப்பாவின் வேலை. பாய் முள்ளை இறக்கினார்.

ஓடப் பாட்டு. ஏலேலோ என்று ஒரு பெண்குரல் எடுத்தது. மேலே போவதற்கு முன்னால் அந்தக் குரல் ஒரு சின்ன மூச்சை விழுங்கியது. எனக்குப் பிடரி மயிர் நின்றது. அந்தப் பாட்டை நான் கேட்டதாக நினைவே இல்லை. ஆனால் அடுத்த அடி வருவதற்கு முன்பே என் வாய் அதைச் சொல்லிவிட்டது. அதற்கடுத்த அடியும் அப்படியே. எப்படி என்று தெரியாமல், யாரோ என் வாயைக் கொண்டு பாடுகிறார்கள் என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மாமாவின் தாளம் நின்றிருந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாய் மட்டும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் ஊசியை எடுக்கவில்லை. சட்டம் அப்படி.

சாவி கொடுக்க அப்பா மறந்துவிட்டார். பிளேட் மெதுவாகிக்கொண்டே வந்தது. குரல் தடித்து, இழுபட்டு, கீழே கீழே இறங்கியது. கடைசியில் அது பெண்குரலும் இல்லை, ஆண்குரலும் இல்லை. பாட்டு முடிந்தது. அந்தக் காலத்துக்கும் முந்தின பழைய பிளேட்டுகளில், பாடி முடித்ததும் பாடினவர்கள் தங்கள் பெயரைச் சொல்லுவார்கள். அந்த வழக்கம் அப்போதே போய்விட்டிருந்தது. ஆனால் இந்தப் பிளேட்டில் முள் கரகரத்துக்கொண்டிருக்க, அந்தக் குரல் ஒரு பெயரை இழுத்து இழுத்துச் சொன்னது.

“செ... சி... லி.”

நான், “என்னம்மா?” என்றேன்.

கதவருகில் நின்றிருந்த அத்தை எப்போது வந்தாள் என்று தெரியாது. என் வாயில் பளாரென்று ஒன்று விழுந்தது. அடுத்த நிமிஷம் அடுப்படியில் இருந்தேன். உப்பை எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள், அது படபடவென்று வெடிக்கும்போதே அருள் நிறைந்த மரியே சொன்னாள். அத்தை அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

முன்னறையில் பாய் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை இருட்டில் பயந்துவிட்டது, இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மாமா சமாளித்தார். ஒருவருக்குப் பிடித்த பிளேட்டை ஒரு வாரம் அவர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். மறுபக்கம் இன்னும் கேட்கவில்லையே, இருக்கட்டும், வைத்துக்கொண்டு போட்டுக் கேளுங்கள் என்று பாய் சொன்னார். அப்பா அதை உறைக்குள் போட்டு இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு பாய். எனக்கு வேணாம்.”

அதன் பிறகு என் பாடு பெரும் பாடாகிவிட்டது. செத்துப்போன அம்மா உச்சி வேளையில் கூப்பிட்டாள், நான் பதிலும் சொல்லிவிட்டேன். இனி வந்து அழைத்துப் போவதுதான் பாக்கி. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பூட்டிய வீடுகளின் பக்கம் ஒதுங்காமல் நடுத்தெருவில் நடந்தேன். எதிர்வீட்டு மாடிச் சன்னலில் ஒரு பலகை காற்றில் ஆடினாலும் வந்துவிட்டாள் என்று நிற்பேன். ராத்திரி அத்தையின் புடவைத் தலைப்பை என் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தேன்.

அம்மா வரவில்லை. நாள் போகப் போகப் பயம் தேய்ந்து வேறொன்றாக மாறியது. ஏன் வரவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் கொல்லைக்குப் போய்ப் பதுங்கு குழி ஓரத்தில் நின்றேன். இன்னொரு தரம் கூப்பிட மாட்டாளா என்றிருந்தது. எனக்கு அம்மா வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அழுதேன். அதுவரை இல்லாத ஒரு ஆளுக்காக எப்படி அழுவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிளேட் பாயிடம் இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கச்சேரி ரோட்டுக்குப் போனேன். விரித்த குடைகள் கூரை முழுக்கத் தலைகீழாகத் தொங்க, கடைக்குள் பகலிலேயே அந்திபோல் இருந்தது. அந்தப் பாட்டை வையுங்கள் என்று கேட்டதும் பாய்க்கு வாயெல்லாம் பல். தனக்குப் பிடித்தது இன்னொருத்தருக்கும் பிடித்துவிட்டது என்றால் அவருக்கு வேறெதுவும் வேண்டாம். என் வயசை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

“ஒனக்கும் புட்ச்சிக்கிச்சா பாப்பா? உக்காரு உக்காரு.”

குடைக் கம்பிகளை ஒதுக்கித் தன் சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். சாவியை முழுசாகக் கொடுத்தார். இந்த முறை குரல் இழுபடவில்லை. நல்ல இளவயசுப் பெண்ணின் குரல். கடைசியில் என் பெயரைச் சொல்லும்போது அவள் சிரிக்கிறாள் என்றுகூடத் தெரிந்தது. பதில் சொல்லாமல் இருக்க நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தப் பக்கம் இன்னும் ஜோராக இருக்கும் என்று சொல்லி பாய் பிளேட்டைத் திருப்பினார். அதே மெட்டுதான், வேறு வார்த்தைகள்.

சங்கு ஊதிப் போச்சுதம்மா ஏலேலோ
சனமெல்லாம் போச்சுதம்மா ஐலசா
பள்ளத்துல பதுங்கிநிக்கும் ஏலேலோ
பச்சப்புள்ள என்ன செய்யும் ஐலசா

சங்கு ஊதினது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் குழிக்குள் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் தெரிந்திருக்கிறது. மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் அண்ணாந்து பார்த்தேன். குடைகள்தான் இருந்தன. ஆனாலும் அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ இருப்பதுபோல் இருந்தது, இப்போது அது பயமாக இல்லை.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க கீதோ, அந்தம்மா நல்லா இருக்கணும்” என்றார்.

பாய் வேறு மதம், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று எண்ணி, ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை நான் அவருக்குச் சொன்னேன்.

“செத்தவங்களுக்கு அப்படிச் சொல்லக் கூடாது பாய். நித்திய இளைப்பாற்றி கெடைக்கணும்னு சொல்லணும்.”

“யாரு செத்தது?”

“எங்கம்மா. இதுல பாடுறாங்களே.”

பாய் என்னையே பார்த்தார். பிளேட் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஒன் பேரு இன்னா பாப்பா?”

சொன்னேன். அவர் குனிந்து, சுற்றுகிற பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பாட்டு பாதியில் இருக்கும்போதே ஊசியைத் தூக்கிவிட்டார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை. உருதுவில் என்னவோ முணுமுணுத்தார். அப்புறம் கடையைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். தெருமுனை வரை வந்தார். வீட்டுக்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை.

அந்த ஞாயிறும் அவர் வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை. மாமா மட்டும் வந்து, பிளேட் எதுவும் கொண்டுவராமல், அப்பாவோடு சண்டை நிலவரம் பேசிவிட்டுப் போனார். பெட்டிமேல் அப்பா ஒரு துணியைப் போட்டு மூடினார்.

காய்ச்சலில் இறந்தவள் அதற்குப் பல வருஷம் கழித்து வந்த சங்கைப் பற்றி எப்படிப் பாடினாள் என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. செத்தவர்கள் எதையும் செய்வார்கள் என்று நம்புகிற வயசு அது. நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் அத்தை வாய் திறந்தாள். காய்ச்சலும் இல்லை, நாகப்பட்டினமும் இல்லை. பட்டணத்தில் முகாம் போட்டிருந்த நாடகக் கம்பெனி ஒன்று புறப்பட்டபோது அம்மா அவர்களோடு போய்விட்டாள். செத்துவிட்டாள் என்று சொல்லுவதுதான் பெண்பிள்ளைக்கு நல்லது என்று முடிவு செய்தவள் அத்தை. அப்பா மறுத்துப் பேசவில்லை. மேடைக்கு அம்மா என் பெயரை வைத்துக்கொண்டது பாய் கொண்டுவந்த அந்தப் பிளேட்டைக் கேட்கிற வரை அவர்கள் இருவருக்குமே தெரியாது.

பட்டணம் காலியான அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அத்தைக்கு முழங்கால் வலி. ஒரு மெழுகுவர்த்தியை அப்பாவிடம் கொடுத்து எங்கள் இருவரையும் அனுப்பினாள். குண்டு போட வருகிறவனுக்கு ஊர் தெரியக் கூடாது என்று, இருட்டுவதற்குள் வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிட உத்தரவு, அதனால் வெயில் இருக்கும்போதே கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி எரிந்தது. பகலில் எரிகிற சுடருக்கு நிறமே இல்லை. பூக்களுக்கு மேலே காற்று நடுங்குவது மட்டும்தான் தெரிந்தது. ஆட்கள் முணுமுணுக்கும் சத்தம் தரைக்குள்ளிருந்து வருவதாகப் பட்டது. தங்கள் ஆட்களை வெளியூரில் புதைத்தவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். வருஷா வருஷம் அப்பாவும் அங்கேதான் ஏற்றுவார்.

அன்றைக்கு அவர் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் நெருப்புக் கொடுக்க வந்தார்கள், தலையை ஆட்டிவிட்டார். அவருக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எனக்குத் தெரிந்த நல்ல செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“அப்பா, நம்ம குழி அம்மாவுக்குத் தெரியும்பா. நான் அதுல பதுங்குனதும் தெரியும்.”

எப்படி என்று கேட்டார். பாய் கடைக்குப் போனதைச் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“மறுபக்கம் கேட்டியா?”

“கேட்டேன்பா.”

“என்ன பாடுனா?”

நான் பாடினேன். எனக்கு மெல்லப் பாடத் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் ஏலேலோ ஐலசா என்று கேட்டதும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களை முறைத்தாள். அப்பா சிலுவையின் படியில் உட்கார்ந்துவிட்டார். பச்சப்புள்ள என்ன செய்யும் என்ற இடம் வந்ததும், இன்னொரு தரம் பாடு என்றார். பாடினேன். மேலே போவதற்கு முன்னால் அம்மா மூச்சை விழுங்குவாளே, அது எனக்குச் சரியாக வரவில்லை. அப்பா அதைத் தானே செய்து காட்டினார். மறுபடியும் பாடச் சொன்னார். அவர் கன்னம் நனைந்திருந்தது. செபம் சொல்லும்போது பெரியவர்கள் அழுவது வழக்கம்தான் என்று நானும் சலிக்காமல் பாடிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்கியது. காவல்காரர் வந்து அணைக்கச் சொன்னார். ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் சுடரை ஊதினார்கள். தோட்டம் புகை நாற்றத்தோடு இருண்டது. அப்பா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பூட்டிய வீடுகளைத் தாண்டும்போது அந்த மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அவர் சட்டையைக் கழற்றி மாட்டினபோது மெழுகுவர்த்தி பையிலிருந்து கீழே உருண்டது. திரி வெள்ளையாகவே இருந்தது. பாட்டுக் கேட்கிற ஞாபகத்தில் ஏற்ற மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.